நாலு நிமிஷம் 20 விநாடி: மல்டிகாஸ்ட் ஏன் பாதியிலேயே நிக்குது?



போன செமஸ்டர் ப்ராக்டிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம். நம்ம லேப்ல கீழ்த்தளம் 30, மேல்தளம் 30, மொத்தம் 60 மெஷின். எல்லாத்துலயும் புது ஓஎஸ், கம்பைலர், டேட்டாபேஸ் எல்லாம் ஏத்தணும். மறுநாள் காலையில 9 மணிக்கு எக்ஸ்டர்னல் வந்துடுவாரு. ஒரு மெஷின்ல எல்லாத்தையும் போட்டு 40 ஜிபி இமேஜ் ஒண்ணு ரெடி பண்ணியாச்சு. அதை மத்த மெஷினுக்கு எல்லாம் மல்டிகாஸ்ட்ல தள்ளிட்டா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்னு லேப் அண்ணன் சொன்னாரு. நானும் இன்னும் ரெண்டு பேரும் உதவிக்கு நின்னோம்.

ஏழு மணி பஸ் போச்சு. எட்டு மணி பஸ்ஸும் போச்சு. அந்த ராத்திரி எங்களுக்குக் கிடைச்ச பாடம்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போற விஷயம் இது. ஆனா நிஜத்துல மாட்டிக்கிட்டா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது.

ஒரு சின்ன குறிப்பு: கட்டளைகளையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா டைப் பண்ண வந்துடும்.

பேப்பர் கட்டு வர்ற கதை

ஒருத்தருக்குப் போன் போட்டுப் பேசுறது யூனிகாஸ்ட். நம்ம பஸ் ஸ்டாண்ட் மைக்குல "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு"ன்னு கத்துறது பிராட்காஸ்ட். பழனி போறவனும் அதைக் கேட்டுத்தான் ஆகணும். மல்டிகாஸ்ட் இந்த ரெண்டும் இல்ல. அது காலையில வர்ற பேப்பர் மாதிரி.

மதுரையில அச்சான பேப்பர் ஒரே கட்டா வேன்ல திண்டுக்கல் வருது. 5000 வீட்டுக்கு 5000 வேன் வர்றதில்ல. இங்க வந்ததும் நாகல் நகர் ஏஜென்ட்டுக்கு ஒரு பங்கு, பேகம்பூர் ஏஜென்ட்டுக்கு ஒரு பங்குன்னு பிரியுது. ஏஜென்ட்கிட்ட இருந்து தெருவுக்குத் தெரு பிரியுது. பிரிய வேண்டிய இடம் வர்ற வரைக்கும் பிரியுறதில்ல. யாரும் வாங்காத தெருவுக்குப் பையன் சைக்கிள் மிதிக்கிறதும் இல்ல.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, அச்சகத்துக்கு உங்க வீட்டு விலாசம் தெரியாது. உங்க தெரு ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும். ரெண்டு, உங்களுக்குப் பேப்பர் வேணும்னா நீங்கதான் ஏஜென்ட்கிட்ட சொல்லணும். மல்டிகாஸ்ட்டும் அப்படியேதான். அனுப்புற சர்வர் ஒரு குரூப் முகவரிக்கு அனுப்பும். யார் யார் வாங்குறாங்கன்னு ஐபி அளவில அதுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. வாங்குற மெஷின் "இந்தக் குரூப் எனக்கு வேணும்"னு பக்கத்துல இருக்கிற ரூட்டருக்குச் சொல்லும். அப்படிச் சொல்றதுக்கான மொழிதான் ஐஜிஎம்பி.

இந்த யோசனையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஸ்டீவ் டீரிங் வளர்த்தெடுத்தாரு. 1989 ஆகஸ்ட்ல வந்த ஆர்எஃப்சி 1112-தான் அதோட அடிப்படை ஆவணம். ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பு 1997-லயும், மூன்றாம் பதிப்பு 2002-லயும் வந்துச்சு. இன்னிக்கு நம்ம லேப்டாப்புல ஓடுறது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்க

40 ஜிபி இமேஜை 60 மெஷினுக்கு யூனிகாஸ்ட்ல அனுப்பினா சர்வர் மொத்தம் 2400 ஜிபி வெளியே தள்ளணும். சர்வரோட லிங்க் 1 ஜிபிபிஎஸ். அதாவது விநாடிக்கு அதிகபட்சம் 125 எம்பி. 2400 ஜிபியை 125 எம்பியால வகுத்தா 19,200 விநாடி. ஏட்டுக் கணக்குலயே 5 மணி 20 நிமிஷம்.

மல்டிகாஸ்ட்ல 40 ஜிபி ஒரே தடவைதான் போகுது. ஏட்டுக் கணக்குல 320 விநாடி, ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. ஹார்ட் டிஸ்க் எழுதுற வேகம், தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்ப அனுப்புறது எல்லாம் சேர்ந்தாலும் கால் மணி நேரம். அண்ணன் அரை மணி நேரம்னு சொன்னது தப்புக் கணக்கு இல்ல.

மல்டிகாஸ்ட்டுல நேரம் மட்டும் இல்ல, நியாயமும் இருக்கு. இதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் உண்டு. தேசியப் பங்குச் சந்தை தன்னோட கோ-லொகேஷன் வசதியில, விலை மாறுற ஒவ்வொரு கணத்தையும் சொல்ற தரவை முதல்ல டிசிபி வழியா, அதாவது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி யூனிகாஸ்ட்டா, அனுப்பிக்கிட்டிருந்துச்சு. வரிசையில முன்னாடி கனெக்ட் ஆனவருக்கு முன்னாடி போகும். 2014-ல அது மல்டிகாஸ்ட்டுக்கு மாறுச்சு. பழைய முறை சமமா இல்லன்னு எழுந்த விவகாரத்துல, 2019 ஏப்ரல் 30 அன்னிக்கு செபி 624.89 கோடி ரூபாயை வட்டியோட கட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 2023 ஜனவரியில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகை உத்தரவை ரத்து பண்ணுச்சு. வழக்கு எப்படி முடிஞ்சாலும், நெட்வொர்க் படிக்கிற நமக்கு ஒரு செய்தி இருக்கு: "யாருக்கு முதல்ல அனுப்புறது?"ங்கிற கேள்வியே சர்வர்கிட்ட எழாம பார்த்துக்கிறது மல்டிகாஸ்ட்.

பூட்டு மாதிரி பாருங்க

திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டைப் பத்திச் சொல்லத் தேவையில்ல. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்ப்பூட்டு. லீவர் பூட்டுக்குள்ள தகடு தகடா லீவர் இருக்கும். ஒவ்வொண்ணும் சரியான உயரத்துக்கு எழும்பினாத்தான் நாக்கு நகரும். ஏழுல ஆறு சரியா இருந்தாலும் பூட்டு திறக்காது. எந்த லீவர் மாட்டிக்கிச்சுன்னு வெளியில இருந்து பார்த்தாத் தெரியவும் தெரியாது.

மல்டிகாஸ்ட் கோளாறும் அச்சு அசல் இதேதான். "வரல" அப்படிங்கிற ஒரே அறிகுறி. காரணம் மட்டும் ஏழெட்டு. அதனால மனசுக்குப் பட்டதை எல்லாம் மாத்திப் பார்க்காம, ஒவ்வொரு லீவரா தொட்டுப் பார்க்கணும். வாங்குற மெஷின்ல ஆரம்பிச்சு அனுப்புற மெஷினை நோக்கிப் போறதுதான் சுலபம். ஏன்னா "வேணும்"ங்கிற கோரிக்கை அந்தத் திசையிலதான் பயணிக்குது.

லீவர் 1: மெஷின் நிஜமாவே சேர்ந்துச்சா, எந்த இன்டர்ஃபேஸ்ல?

லினக்ஸ்ல "ஐபி எம்-ஏ-டி-டி-ஆர் ஷோ"ன்னு அடிங்க. ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் எந்தெந்தக் குரூப்புல சேர்ந்திருக்குன்னு பட்டியல் வரும். நீங்க எதிர்பார்க்கிற குரூப், உதாரணத்துக்கு 239.10.10.5, அந்தப் பட்டியல்ல இருக்கணும். இருந்தா மட்டும் போதாது, சரியான இன்டர்ஃபேஸுக்குக் கீழே இருக்கணும்.

இங்கதான் நம்ம பசங்க நிறைய பேர் விழுவாங்க. நம்ம லேப்டாப்புல கேபிள், வைஃபை, விர்ச்சுவல் பாக்ஸ், டாக்கர்னு நாலு இன்டர்ஃபேஸ் இருக்கும். ப்ரோகிராம் எழுதுறப்ப எந்த இன்டர்ஃபேஸ்னு சொல்லலைன்னா, ஓஎஸ் தன்னோட ரூட்டிங் டேபிளைப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்துடும். ஸ்ட்ரீம் கேபிள்ல வந்துக்கிட்டிருக்கும், நம்ம மெஷினோ விர்ச்சுவல் பாக்ஸ் இன்டர்ஃபேஸ்ல சேர்ந்துட்டு உக்காந்திருக்கும். வைஃபையை அணைச்சுட்டு, வேண்டாத விர்ச்சுவல் இன்டர்ஃபேஸை எல்லாம் டிசேபிள் பண்ணிட்டு ஒரு தடவை பாருங்க. வேலை செஞ்சா காரணம் இதுதான்.

இன்னொரு ஏமாத்து வேலை: "மல்டிகாஸ்ட் ஓடுதான்னு 224.0.0.1-க்கு பிங் பண்ணிப் பார்த்தேன், யாருமே பதில் சொல்லல"ம்பாங்க. லினக்ஸ் அந்த மாதிரி பிங்குக்கு இயல்பாவே பதில் சொல்லாது. அதனால பதில் வரலைங்கிறதை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஃபயர்வாலையும் இந்த இடத்துலயே பார்த்துடுங்க. வயர்ஷார்க்ல பாக்கெட் தெரியுது, ஆனா ப்ரோகிராமுக்கு வரலைன்னா, சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் அதே மெஷின்ல இருக்கிற ஃபயர்வால். பாக்கெட் வாசல் வரைக்கும் வந்துடுச்சு, வீட்டுக்குள்ளதான் விடல.

லீவர் 2: டிடிஎல்லும் வீலானும்

அன்னிக்கு எங்களோட முதல் அடி இதுதான். ஆறு மணிக்குக் கீழ்த்தளத்துல 30 மெஷினும் சர்வர்ல பதிவாயிடுச்சு. மேல்தளத்துல ஒண்ணு கூட வரல. "அண்ணே, மேல ஸ்விட்ச் போயிடுச்சாண்ணே?"ன்னு கேட்டேன். "ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல வேற வீலான்"னு சொன்னாரு.

வீலான் மாறுதுன்னா நடுவுல ஒரு ரூட்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரூட்டரைத் தாண்டுறப்ப பாக்கெட்டோட டிடிஎல் ஒண்ணு குறையும். மல்டிகாஸ்ட் சாக்கெட்டுக்கு இயல்பான டிடிஎல் மதிப்பே 1 தான். முதல் ரூட்டர்லயே அது பூஜ்யமாகி அங்கேயே செத்துடும். இது கோளாறு இல்ல. லேப்ல ஓடுற ஸ்ட்ரீம் தெரியாத்தனமா ஊரெல்லாம் பரவிடக் கூடாதுன்னு வேணும்னே வச்ச வேலி.

டிடிஎல்லைக் கூட்டினா மட்டும் தாண்டிடுமான்னா, தாண்டாது. ரூட்டருக்கு மல்டிகாஸ்ட் ரூட்டிங் தெரிஞ்சிருக்கணும். அதுக்குப் பெரும்பாலும் பிம் அப்படிங்கிற நெறிமுறையைப் பயன்படுத்துவாங்க. ரூட்டர்ல அதை இயக்கி, ரெண்டு பக்க இன்டர்ஃபேஸ்லயும் ஆன் பண்ணி, ஸ்பார்ஸ் மோடா இருந்தா ரெண்டு தரப்பும் சந்திக்கிற ரூட்டர் எதுன்னும் சொல்லணும். அந்தச் சந்திப்பு ரூட்டருக்கு ரெண்டவூ பாயின்ட்னு பேரு.

அதுக்கு மேல இன்னொரு சிக்கலும் உண்டு: ஆர்பிஎஃப் சோதனை. சாதாரண ரூட்டிங்ல "இந்தப் பாக்கெட் எங்க போகணும்?"னு ரூட்டர் கேட்கும். மல்டிகாஸ்ட்ல "இது எங்கிருந்து வந்துச்சு?"ன்னும் கேட்கும். அனுப்பினவருக்குத் திரும்பிப் போகணும்னா எந்த வாசல் வழியா போவேனோ, அதே வாசல்ல வந்தாத்தான் ஏத்துக்குவேன். வேற வாசல்ல வந்தா தூக்கிப் போட்டுடுவேன்னு சொல்லும். பாக்கெட் சுத்திச் சுத்தி வந்து நெட்வொர்க்கையே மூழ்கடிக்காம இருக்க இது அவசியம். ஆனா சர்வருக்கு ரெண்டு நெட்வொர்க் கார்டு இருந்து, போற வழி ஒண்ணு வர்ற வழி ஒண்ணுன்னு ஆயிட்டா, ரூட்டர் சத்தமே இல்லாம எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடும். லினக்ஸ் மெஷின்கள்ல இதுக்கு நிகரா "ஆர்பி ஃபில்டர்"னு ஒரு அமைப்பு இருக்கு. பிங் எல்லாம் ஒழுங்கா போகுது, மல்டிகாஸ்ட் மட்டும் வரலைன்னா இதையும் பாருங்க.

நாங்க அன்னிக்கு பிம் பக்கமே போகல. அண்ணன் மேல்தள லேப் போர்ட்டுகளை அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் கீழ்த்தள வீலானுக்கு மாத்தினாரு. 60 மெஷினும் பதிவாச்சு. ஒரே லேயர்-2 நெட்வொர்க்குக்குள்ள வேலை முடியும்னா ரூட்டரை இழுக்காதீங்க. அவசர நேரத்துல அதுதான் புத்திசாலித்தனம்.

லீவர் 3: க்வெரியர் எங்கே?

இனிமேதான் கதையே. "ஸ்டார்ட்" அழுத்தினோம். எல்லா ஸ்க்ரீன்லயும் பச்சைக் கோடு ஓட ஆரம்பிச்சுது. டீ வாங்கிட்டு வரலாம்னு கிளம்புற நேரத்துல, முதல் வரிசையில ஒரு மெஷின் நின்னுச்சு. அப்புறம் பக்கத்துது. அப்புறம் அடுத்தது. திரும்ப ஆரம்பிச்சோம்; திரும்பவும் அதே கதை. "போன செமஸ்டர்ல இதே செட்டப் ஓடுச்சேப்பா"ன்னு அண்ணன் தலையில கை வச்சுட்டாரு.

மூணாவது தடவை ஓடுறப்பத்தான் ஒண்ணு கவனிச்சோம். மெஷின் நிக்கிற வரிசையும், நாங்க பூட் பண்ண வரிசையும் ஒண்ணா இருந்துச்சு. ஒரே ஒரு மெஷினைப் பிடிச்சு, அது குரூப்புல சேர்ந்த நொடியிலிருந்து மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வச்சோம். 4 நிமிஷம் 20 விநாடி. இன்னொரு மெஷின், அதுவும் 4 நிமிஷம் 20.

மக்களே, இந்த வரியை மட்டும் மறக்காதீங்க: எப்பப் பார்த்தாலும் ஒரே நேரம் கழிச்சு நிக்குதுன்னா அது ஒயர் கோளாறு இல்ல, டைமர். ஒயர் கோளாறுக்கு மணி பார்க்கத் தெரியாது.

எந்த டைமர்? ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கிறது. சாதாரண ஸ்விட்ச்சுக்கு மல்டிகாஸ்ட்னா என்னன்னு தெரியாது. பிராட்காஸ்ட் மாதிரி எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிடும். கொஞ்சம் விவரமான ஸ்விட்ச், மெஷின்கள் ரூட்டரோட பேசுற ஐஜிஎம்பி பேச்சை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். அதுக்குப் பேருதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்.

பேப்பர் கதைக்கே திரும்ப வருவோம். ஏஜென்ட் மாசாமாசம் "பேப்பர் தொடர்ந்து போடவாக்கா?"ன்னு கேட்பாரு. "போடுங்க தம்பி"ன்னா அடுத்த மாசமும் வரும். பதிலே இல்லாம இருந்தா வீட்டைக் காலி பண்ணிட்டாங்க போலன்னு நிறுத்திடுவாரு. ஐஜிஎம்பியிலயும் க்வெரியர்னு ஒருத்தர், வழக்கமா ரூட்டர், 125 விநாடிக்கு ஒரு தடவை "யாருக்கு என்ன வேணும்?"னு 224.0.0.1-க்குக் கேள்வி அனுப்பும். மெஷின்கள் 10 விநாடிக்குள்ள பதில் சொல்லணும். ஒரு கேள்வி தொலைஞ்சு போகலாம்னு ரெண்டு சுற்றுக்கு அவகாசம் உண்டு. 125 பெருக்கல் 2, கூட்டல் 10. மொத்தம் 260 விநாடி. அதாவது, 4 நிமிஷம் 20 விநாடி!

ஆக என்ன நடந்துச்சு? மெஷின் சேர்றப்ப தானா ஒரு தடவை "எனக்கு வேணும்"னு சொல்லுச்சு. ஸ்விட்ச் எழுதி வச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் கேள்வி கேட்க யாருமே இல்ல. கேள்வி வந்தாத்தானே மெஷின் பதில் சொல்லும்? 260 விநாடி ஆனதும் ஸ்விட்ச் பேரை அடிச்சுடுச்சு. எங்க ஸ்விட்ச்சுல, பட்டியல்ல இல்லாத மல்டிகாஸ்ட்டைத் தூக்கிப் போடுன்னு வேற அமைச்சிருந்தாங்க. சில ஸ்விட்ச் அந்த நிலைமையில எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிடும். அங்க இந்தக் கோளாறு வெளியிலேயே தெரியாது.

போன செமஸ்டர்ல ஏன் ஓடுச்சு? அப்போ இருந்த பழைய ரூட்டர்ல பிம் ஆன்ல இருந்துச்சு. அதனால அந்த ரூட்டரே க்வெரியரா கேள்வி கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. லீவுல அதை மாத்தி புதுசு வச்சப்ப இன்டர்நெட் வருதான்னு பார்த்தாங்க, பிரிண்டர் வருதான்னு பார்த்தாங்க. கேள்வி கேட்கிற ஆள் போயிட்டான்னு யாருக்கும் தெரியல.

இதை உறுதிப்படுத்த அஞ்சு நிமிஷம் போதும். ஒரு லேப்டாப்பைச் செருகி "டிசிபிடம்ப் மைனஸ் ஐ எத்0 ஐஜிஎம்பி"ன்னு ஓட விடுங்க. 125 விநாடிக்கு ஒரு க்வெரி கண்ணுல படணும். அஞ்சு நிமிஷம் காத்திருந்தும் ஒரு க்வெரி கூட வரலைன்னா உங்க நெட்வொர்க்ல க்வெரியர் இல்ல. நாங்க காத்திருந்தோம். ஒண்ணும் வரல.

செய்யக்கூடாத மருத்துவம்

உண்மையைச் சொல்லிடுறேன். டிசிபிடம்ப் யோசனை வர்றதுக்கு முன்னாடி நாங்க ஒரு தப்பு பண்ணோம். "ஸ்னூப்பிங்தானே பிரச்சினை? அதை ஆஃப் பண்ணிடுவோம்ணே"ன்னு சொன்னது நான்தான். ஆஃப் பண்ணதும் பச்சைக் கோடு நிக்காம ஓடுச்சு. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மூணே நிமிஷத்துல ஸ்டாஃப் ரூம்ல இருந்து ஒரு மேடம் ஓடி வந்தாங்க. இன்டர்னல் மார்க் ஏத்திக்கிட்டிருந்தாங்களாம். அன்னிக்கு ராத்திரிதான் கடைசி. வைஃபை சுத்தமா படுத்துடுச்சு.

காரணம் இதுதான். அதே வீலான்ல ஸ்டாஃப் ரூம் ஆக்சஸ் பாயின்ட்டும் இருந்துச்சு. ஸ்னூப்பிங் போனதும் அந்த ஸ்ட்ரீம் அந்தப் பக்கமும் பாய்ஞ்சுது. வைஃபையில மல்டிகாஸ்ட்டை எல்லா மெஷினும் கேட்கிற மாதிரி அடிப்படை வேகத்துலதான் அனுப்புவாங்க. அமைப்பைப் பொறுத்து 1 அல்லது 6 எம்பிபிஎஸ் இருக்கும். "கிடைச்சுது"ன்னு பதிலும் கிடையாது, தொலைஞ்சா மறுபடி அனுப்புறதும் கிடையாது. நூத்துக்கணக்கான எம்பிபிஎஸ் ஸ்ட்ரீமை அந்தச் சந்துக்குள்ள விட்டா என்ன ஆகும்? வெள்ளத்தை ஸ்ட்ரா வழியா குடிக்கிற கதைதான். மேடத்துகிட்ட மன்னிப்புக் கேட்டு, ஸ்னூப்பிங்கை மறுபடி ஆன் பண்ணினோம். மார்க் போய்ச் சேர்ந்துச்சு, நல்லவேளை.

ஸ்னூப்பிங் எதிரி இல்ல. அது ஒழுங்கா வேலை செய்ய ஒரு க்வெரியர் வேணும், அவ்வளவுதான். ரூட்டர் அதைச் செய்யலைன்னா, மேனேஜ்டு ஸ்விட்ச் பலதுலயும் "ஸ்னூப்பிங் க்வெரியர்"னு ஒரு வசதி இருக்கும். அதை ஆன் பண்ணி, அந்த வீலானுக்குள்ள ஒரு ஐபி முகவரி கொடுங்க. முகவரி இல்லாம அனுப்புற கேள்வியைச் சில சாதனங்கள் மதிக்காது. ரெண்டு க்வெரியர் இருந்தா சண்டை வருமான்னு பயப்படாதீங்க. இரண்டாம், மூன்றாம் பதிப்புல சின்ன ஐபி முகவரி இருக்கிறது க்வெரியரா நிக்கும், மத்தது ஒதுங்கிக்கும். லினக்ஸ் பிரிட்ஜ் வச்சு விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறவங்களுக்கும் இதே பாடம்தான்: அங்க ஸ்னூப்பிங் இயல்பாவே ஆன், க்வெரியர் இயல்பாவே ஆஃப்.

லீவர் 4: முகவரியிலேயே கண்ணி

மல்டிகாஸ்ட் முகவரி 224.0.0.0-ல இருந்து 239.255.255.255 வரைக்கும். இதுல 224.0.0-ன்னு தொடங்குறது எல்லாம் நெறிமுறைகளோட சொந்த உபயோகத்துக்கு. அதைத் தொடாதீங்க, ரூட்டர் அதைத் தாண்டி அனுப்பாது. உள் நெட்வொர்க்குக்குன்னு ஒதுக்கினது 239-ல தொடங்குறது. அதுலயும் ஒரு கண்ணி உண்டு.

ஐபி முகவரியை மேக் முகவரியா மாத்துறப்ப கடைசி 23 பிட் மட்டும்தான் போகும். 28 பிட் குரூப் எண்ணுல 5 பிட் காணாமப் போகுது. ஆக 32 ஐபி முகவரிக்கு ஒரே மேக் முகவரி. 239.0.0.5-ங்கிற முகவரியை நீங்க எடுத்துக்கிட்டா, அதோட மேக் முகவரியும் 224.0.0.5-ஓடதும் ஒண்ணு. 224.0.0.5 ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்கள் பேசுற முகவரி. 224.0.0 வரிசையை ஸ்விட்ச் எப்பவும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பியாகணும். மேக் முகவரியை மட்டும் பார்க்கிற ஸ்விட்ச்சா இருந்தா, உங்க ஸ்ட்ரீமும் அதுகூட சேர்ந்து எல்லாப் போர்ட்டுக்கும் பாயும். 239.0.0, 239.128.0-ன்னு தொடங்குறதைத் தவிர்த்துட்டு, 239.10.10.5 மாதிரி எடுத்துக்கோங்க.

லீவர் 5: படையோட வேகம் நொண்டிக் குதிரையோட வேகம்

க்வெரியர் போட்டாச்சு. ஆறாவது நிமிஷமும் ஓடுது, ஏழாவதும் ஓடுது. எல்லாரும் கைதட்டினோம். ஆனா ஸ்க்ரீன்ல "மீதி 55 நிமிஷம்"னு காட்டுச்சு. வேகம் 90 எம்பிபிஎஸ் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.

90-ன்னு பார்த்ததும் ஒண்ணு தோணணும்: எங்கேயோ 100 எம்பிபிஎஸ் லிங்க் இருக்கு. இமேஜ் அனுப்புற மென்பொருள், ஒவ்வொரு துண்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்த துண்டை அனுப்பும். 59 மெஷின் வேகமா இருந்தாலும் 60-வது மெஷின் மெதுவா இருந்தா எல்லாருக்கும் அதே வேகம்தான்.

ஸ்விட்ச்சோட போர்ட் பட்டியலைப் பார்த்தோம். மேல்தளம், 17-வது மெஷின், 100-ல நிக்குது. ஜிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடி ஒயரும் வேணும். 100-க்கு ரெண்டு ஜோடி போதும். நாற்காலி கால் ஏறி ஏறி அந்த பேட்ச் கார்டு நசுங்கியிருந்துச்சு. வேற கார்டு மாட்டினோம். 15 நிமிஷத்துக்குள்ள 60 மெஷினும் முடிஞ்சுது.

மணி ஒன்பதே முக்கால். அண்ணன் மேல்தள போர்ட்டுகளைப் பழைய வீலானுக்கு மாத்திட்டு, க்வெரியர் அமைப்பைச் சேமிச்சுட்டு, ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சாரு. "அடுத்த வருஷம் நான் இல்லைன்னாலும் இது இருக்கணும்ல தம்பி"ன்னாரு. மறுநாள் ப்ராக்டிக்கல் சரியா 9 மணிக்கு ஆரம்பிச்சுது. மெஷினைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நெட்வொர்க் வேலையில அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சுருக்கமா ஒரு பட்டியல்

1. ஒண்ணுமே வரலையா? வாங்குற மெஷின் சரியான இன்டர்ஃபேஸ்ல குரூப்புல சேர்ந்திருக்கான்னு பாருங்க.
2. வயர்ஷார்க்ல வருது, ப்ரோகிராமுக்கு வரலையா? ஃபயர்வால், அப்புறம் ஆர்பி ஃபில்டர்.
3. ஒரே வீலான்ல வருது, வேற வீலான்ல வரலையா? டிடிஎல், பிம், ஆர்பிஎஃப்.
4. நாலு நிமிஷம் ஓடிட்டு நிக்குதா? க்வெரியர் இல்ல.
5. ஸ்ட்ரீம் ஓடுறப்ப மத்தவங்க நெட்வொர்க் படுக்குதா? ஸ்னூப்பிங் ஆஃப், இல்ல தப்பான 239 முகவரி, இல்ல நடுவுல ஒரு சாதா ஸ்விட்ச்.
6. ஓடுது, ஆனா எல்லாருக்கும் மெதுவா ஓடுதா? மெதுவான ஒருத்தரைத் தேடுங்க.
7. வைஃபையில மட்டும் திக்குதா? அது வைஃபையோட குணம். முடிஞ்சா கேபிள், இல்லைன்னா மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டா மாத்தித் தர்ற ஆக்சஸ் பாயின்ட்.

நீங்களே செஞ்சு பாருங்க

ரெண்டு லேப்டாப், ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் போதும். ஐபெர்ஃப் இரண்டாம் பதிப்பைப் போடுங்க. மூன்றாம் பதிப்புல மல்டிகாஸ்ட் கிடையாது. வாங்குற பக்கம் "ஐபெர்ஃப் மைனஸ் எஸ் மைனஸ் யூ மைனஸ் பி 239.10.10.5 மைனஸ் ஐ 1" (இந்த பி பெரிய எழுத்து). அனுப்புற பக்கம் "ஐபெர்ஃப் மைனஸ் சி 239.10.10.5 மைனஸ் யூ மைனஸ் டி 600" (இந்த டி சின்ன எழுத்து). 600-ங்கிறது விநாடி. பத்து நிமிஷம் கட்டாயம் ஓட விடுங்க. ஒரு நிமிஷம் ஓடினதைப் பார்த்து "ஓகே"ன்னு சொன்னவங்கதான் நடுராத்திரியில லேப்ல நிப்பாங்க.

ஸ்விட்ச்சுல ஸ்னூப்பிங்கை ஆன் பண்ணி, பட்டியல்ல இல்லாததைத் தூக்கிப் போடச் சொல்லி, க்வெரியரை ஆஃப் பண்ணுங்க. 260-வது விநாடி பக்கத்துல ஸ்ட்ரீம் நிக்கிறதை உங்க கண்ணால பாருங்க. அப்புறம் க்வெரியரை ஆன் பண்ணிட்டுத் திரும்ப ஓட்டுங்க. இதைக் கல்லூரி நெட்வொர்க்ல செய்யாதீங்க, தனி ஸ்விட்ச்சுல செய்யுங்க. ஸ்டாஃப் ரூம் மேடம் எல்லாத் தடவையும் மன்னிச்சுட மாட்டாங்க!

கடைசியா, வைவாவுக்கு மூணு கேள்வி. பதிலைப் புத்தகத்துல தேடாம, மேலே இருக்கிறதை வச்சே யோசிங்க:

1. க்வெரியர் இல்லாத நெட்வொர்க்ல, ஸ்ட்ரீம் நின்னதும் ப்ரோகிராமை மூடித் திறந்தா மறுபடி நாலு நிமிஷம் ஓடுது. ஏன்?
2. 239.10.10.5-ஓட மேக் முகவரியைப் பகிர்ந்துக்கிற இன்னொரு ஐபி முகவரி எது?
3. சர்வருக்கு வாங்குறவங்க யாருன்னு தெரியத் தேவையில்லைன்னா, நம்ம இமேஜ் மென்பொருள் மட்டும் ஏன் 60 பேரையும் பதிவு பண்ணச் சொல்லுச்சு?

மூணாவது கேள்விக்கு விடை தெரிஞ்சா, லீவர் 5 உங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அடுத்த இதழ்ல சந்திப்போம்!